வடிவமைப்புப் படிக்க மூன்று லட்சம் வேண்டுமா?

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை ஆசிரியையாகப் போகிறேன் என்றாலும் தாதியாகப் போகிறேன் என்றாலும் வீட்டில் முதலில் கேட்பது பெறுபேற்றைப் பற்றித்தான். வடிவமைப்புப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், கேள்வி மாறிவிடும். "அதுக்குப் பெரிய லெப்டொப் வேணுமே, மூணு லட்சம் போகுமே" என்பார்கள். பெறுபேறு, திறமை, விருப்பம் எல்லாம் அந்த மூன்று லட்சத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

அந்தக் கணக்கு பிழையானது என்பதே எனது கருத்து. வடிவமைப்பு மாணவிக்கு மூன்று லட்ச ரூபா மடிக்கணினி கட்டாயமில்லை. அதேவேளை கடையில் கிடைக்கும் ஆக மலிவான புதிய சிறு மடிக்கணினியும் அவளுக்கு உதவாது. எங்கள் வீட்டில் ஒதுக்கக்கூடிய தொகை ஒரு லட்சம் ரூபா. நம்மில் பலரது வீட்டு நிலைமையும் இதுதான் என்பதால் அதையே இங்கே எல்லையாக வைத்துக்கொள்கிறேன். அந்த எல்லைக்குள் வேலைக்கு ஆகக்கூடிய சிறிய மடிக்கணினியைத் தெரிவுசெய்ய முடியும். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தால் போதும்.

முதலில் பணத்தின் கதையைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. மடிக்கணினி முழுக்க இறக்குமதிப் பொருள். 500 டொலர் பெறுமதியான ஒன்று, வரியும் கடை இலாபமும் சேராமலே, ஒரு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ஏறியது. பின்னர் ரூபா ஓரளவு மீண்டாலும் பழைய 200க்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் பெறுமதி சேர் வரியும் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது.

மறுபக்கத்தில் மாணவியின் கையில் என்ன இருக்கிறது? 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதில் ஒரு சதமும் தொடாமல் சேர்த்தாலும் மூன்று லட்சம் சேர 40 மாதங்கள் வேண்டும். நான்கு வருடப் படிப்பு முடியும் தறுவாயில்தான் படிப்பதற்கான கணினி கைக்கு வரும்! தமிழ்நாட்டில் 2011 செப்டெம்பர் 15ஆம் திகதி, அரச பாடசாலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அந்த மாநில அரசு ஆரம்பித்தது. நமக்கு அப்படி நீளும் கை இல்லை. எனவே வாங்குவதும் தெரிவதும் முழுக்க நம் தலையில்தான். ஒரு தடவை பிழையாக வாங்கினால் இரண்டாம் தடவை வாங்குவதற்கு எந்த வீட்டிலும் பணம் இருக்காது.

வடிவமைப்பு என்பது கொழும்புப் பிள்ளைகளின் ஆடம்பரப் படிப்பு என்ற எண்ணமும் நம்மிடையே இருக்கிறது. கலியாணக் காட், கடைப் பெயர்ப்பலகை, அபாயாவின் பூவேலை, ஓடர் கேக் வைக்கும் பெட்டி, ஏன் இந்த மலரின் அட்டை கூட யாரோ ஒருவர் யோசித்து வரைந்ததுதான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கும் ஆடை வடிவமைப்புக்கும் பட்டப்படிப்புகள் உண்டு. நமது மாகாணத்திலேயே, மட்டக்களப்பு கல்லடியில், சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மொறட்டுவையின் வடிவமைப்புப் படிப்புக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அங்கே உங்கள் கண்ணையும் கையையும் யோசனையையும் சோதிப்பார்களே தவிர, வீட்டில் என்ன லெப்டொப் இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள்.

ஏன் சிறிய மடிக்கணினி? கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வகுப்புக்குப் போகும் பிள்ளை நெரிசலான பஸ்ஸில், பல நாட்களில் நின்றுகொண்டுதான் போகிறாள். பல்கலைக்கழகம் கிடைத்தால் விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு சிறிய மேசையும்தான். 15.6 அங்குலத் திரையுள்ள மடிக்கணினி, சார்ஜரோடு சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். 12.5 அங்குல மடிக்கணினிகள் சில 1.2 கிலோவுக்கு உள்ளேயே நிற்கின்றன. புத்தகங்களோடு அதையும் தோளில் சுமப்பவளுக்கே அந்த வித்தியாசம் தெரியும். மேசைக் கணினி மலிவு என்று சிலர் சொல்வார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை நாம் மறந்துவிடவில்லை. பட்டரியுள்ள பொருளின் அருமை அப்போது தெரிந்தது.

சிறியது என்றவுடன் கடையில் முதலில் எடுத்து நீட்டுவது எதை என்பதுதான் சிக்கல். பளபளவென்று, புதிய பெட்டியில், வொரன்டியோடு வரும் 11.6 அங்குல மடிக்கணினி அது. செலரன் புரொசசர், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இஎம்எம்சி சேமிப்பு. என் மாமி மகளுக்கு இப்படித்தான் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். "புதுசு, பாவிச்ச சாமான் இல்ல" என்று எல்லோருக்கும் சந்தோசம். விண்டோஸ் 11 தனக்கென்று கேட்கும் ஆகக் குறைந்த சேமிப்பே 64 ஜி.பி. தான். முதலாவது பெரிய அப்டேட் வந்தபோது அதற்கே இடம் போதவில்லை. அவளது படங்களை வைக்க இடம் எங்கே? நான்கு லேயர் உள்ள படத்தைத் திறந்துவிட்டு, தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாலும் அது திறந்திருக்காது. அவளுக்கு வரைவதில் இருந்த ஆசையே குறைந்துபோனது. குறை தனது கையில்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் மிகவும் கவலையாக இருந்தது. மோசமான கருவி பணத்தை மட்டுமல்ல, தன்னம்பிக்கையையும் தின்றுவிடுகிறது.

ஆகவே விட்டுக்கொடுக்கக் கூடாதவை எவை என்று பார்ப்போம். நான் நான்கைச் சொல்வேன்.

முதலாவது ராம். போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர் ஆகிய இரண்டுக்கும் அவற்றின் நிறுவனம் சொல்லும் ஆகக் குறைந்த அளவு 8 ஜி.பி.; சிபாரிசு செய்யும் அளவு 16 ஜி.பி. எனவே 8க்குக் கீழே எதையும் பார்க்கவே வேண்டாம். வாங்கும்போது 8 இருந்தாலும் பின்னர் 16 ஆக்க முடியுமா என்று கேளுங்கள். சில மடிக்கணினிகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றவே முடியாது.

இரண்டாவது சேமிப்பு. இஎம்எம்சி வேண்டாம், எஸ்.எஸ்.டி. வேண்டும், அதுவும் 256 ஜி.பி.யாவது. புரொசசர் எவ்வளவு வேகமானது என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. கந்தளாய்க் குளம் நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது என்பதை விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது புரொசசரின் தலைமுறை. "ஐ5 தான், நல்ல சாமான்" என்று கடைக்காரர் சொன்னால் அதோடு திருப்திப்படக் கூடாது. எத்தனையாவது தலைமுறை என்று கேட்க வேண்டும். மெல்லிய மடிக்கணினிகளுக்கான ஏழாம் தலைமுறை ஐ5 7200யூ புரொசசரில் இரண்டு கோர்கள்தான். 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5 8250யூவில் நான்கு. பெயர் ஒன்றுதான், வேலை செய்யும் கைகள் இரு மடங்கு. இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. இன்டெல் புரொசசர்களில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்பவை, ஒரு சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே பழைய தலைமுறைகள் இப்போது மலிவாக வருகின்றன என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நான்காவது திரை. கணக்கு, விஞ்ஞானம் படிக்கும் நண்பிக்கு இது முக்கியமில்லாமல் இருக்கலாம். நமக்கு இதுதான் கடதாசி. மலிவான சிறு மடிக்கணினிகளின் திரையில் 1366க்கு 768 புள்ளிகள். போட்டோஷொப் கேட்கும் ஆகக் குறைந்த திரையே 1280க்கு 800. உயரத்தில் அந்தத் திரை தோற்றுவிடுகிறது. 1920க்கு 1080 என்றால் ஏறத்தாழ இரு மடங்கு புள்ளிகள். அத்தோடு ஐ.பி.எஸ். வகைத் திரையா என்று பாருங்கள். சாதாரண டி.என். திரையைச் சற்றுச் சரித்தால் அதே சிவப்பு வேறு சிவப்பாகிவிடும். எது உண்மையான நிறம் என்று எப்படி முடிவெடுப்பது?

இந்த நான்கையும் ஒரு லட்சத்துக்குள் புதிதாக வாங்குவது கடினம். அதனால்தான் பாவித்த மடிக்கணினியை வாங்குங்கள் என்கிறேன். வெளிநாட்டு அலுவலகங்கள் சில வருடங்கள் பாவித்துவிட்டுக் கழிக்கும் மடிக்கணினிகள் நமது நாட்டுக்கு வருகின்றன. அவை வேலைக்காகச் செய்யப்பட்டவை. டெல் லெடிடியூட் 7290, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280, எச்.பி. எலைட்புக் 830 ஜி5 ஆகிய மூன்றும் எட்டாம் தலைமுறைப் புரொசசரோடு கிடைப்பவை. முதலிரண்டும் 12.5 அங்குலம், மூன்றாவது 13.3 அங்குலம். லெடிடியூட்டில் ராமை மாற்றலாம். எலைட்புக்கில் ராமுக்கு இரண்டு இடங்கள் உண்டு. எக்ஸ்280இல் ராம் பற்றவைக்கப்பட்டது. ஆகவே அதை வாங்குவதானால் 16 ஜி.பி. உள்ளதையே தேடுங்கள். ஒரே மாதிரியிலும் வெவ்வேறு திரைகள் வந்திருக்கின்றன. பெயரைக் கேட்டு வாங்காமல் திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

"பாவிச்ச சாமான எப்படி நம்புறது?" என்று உம்மாமார் கேட்பது நியாயமே. நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கடையில் வைத்தே முழுத் திரையிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் மஞ்சள் திட்டும் செத்துப்போன புள்ளியும் தெரியும். விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தையும் தட்டுங்கள். பட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற அறிக்கையை விண்டோஸே எழுதித் தரும். அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வரைந்த கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து, பெரிதாக்கி, நகர்த்திப் பாருங்கள். எத்தனை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். இவ்வளவுக்கும் பொறுமை இல்லாத கடை நமக்கு வேண்டாம்.

மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடிக்கணினியோடு "எல்லாம் போட்டுத் தாறோம்" என்று கள்ளப் பிரதிகளை ஏற்றிக் கொடுப்பது சாதாரணமாகிவிட்டது. அடொபி நிறுவனம் 2013 முதல் தனது புதிய பதிப்புகளை வாடகைக்கு மட்டுமே தருகிறது. நமது ரூபாவில் அது பெரிய தொகைதான். ஆனாலும் நாளை நமது வடிவத்தை ஒருவர் கேட்காமல் எடுத்தால் நமக்கு வலிக்கும் என்றால், இன்னொருவரின் உழைப்பை நாமும் கேட்காமல் எடுக்கக் கூடாது. இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பவை இருக்கின்றன. இலச்சினை, பெயர்ப்பலகை வரைய இங்க்ஸ்கேப், ஓவியத்துக்குக் கிரிட்டா, படங்களைத் திருத்த கிம்ப், புத்தகப் பக்கங்களுக்கு ஸ்கிரைபஸ், முப்பரிமாணத்துக்குப் பிளெண்டர். இலவசம் என்றால் தரமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற லத்வியா நாட்டுப் படமான 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்யப்பட்டது.

தமிழ் மாணவிக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய போட்டோஷொப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் யூனிகோட் தமிழ் உடைந்துவிடும். "கொழும்பு" என்று தட்டினால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் கிடக்கும். அதனால்தான் இன்னும் பல அச்சகங்களில் பாமினி எழுத்துருவை விடமாட்டார்கள். இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. எந்த மென்பொருளைப் பழகத் தொடங்கினாலும் முதல் வேலையாகக் "கொழும்பு", "மொழி", "யோசனை" என்ற மூன்று சொற்களையும் தட்டிப் பாருங்கள்.

மறுப்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. சிறிய திரையில் நெடுநேரம் வேலை செய்தால் கண் களைக்கும். நான் சொன்ன மூன்று மடிக்கணினிகளிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறது. ஒரு வயரைக் கொழுவினால் வீட்டு டிவியே பெரிய திரையாகிவிடும். முப்பரிமாணமும் அசைவூட்டமும் இவற்றில் மெதுவாகத்தான் நடக்கும். படிப்பின் பிற்பகுதியில் அந்தத் துறையைத் தெரிபவளுக்குப் பெரிய கணினி தேவைப்படலாம். அப்போது அவள் சிறியதில் செய்த வேலைகளால் கொஞ்சம் உழைத்தும் இருப்பாள். நிறமும் இந்த விலையில் நூற்றுக்கு நூறு சரியாக வராது. அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்துப் பார்ப்பது எப்படியும் நல்ல பழக்கமே. எல்லாம் தயாரான பின் தொடங்கலாம் என்று இருப்பவள் தொடங்கவே மாட்டாள்.

தவணைக்கு வாங்குவதைப் பற்றி ஒரு சொல். "முற்பணம் வேண்டாம், மாதம் மாதம் கட்டுங்க" என்பது கேட்க இனிக்கும். கட்டி முடித்துக் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது மடிக்கணினிக்கு முக்கால் பங்கு வட்டியாகப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. வட்டி நமக்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, கணக்குப்படியும் அது நட்டம். குடும்பத்துக்குள் சீட்டுப் போட்டு, முதல் சீட்டைப் படிக்கும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கலாமே. கலியாணத்துக்கும் பெருநாள் உடுப்புக்கும் சீட்டுப் போடத் தெரிந்த நமது உம்மாமாருக்கு இது புதிய வித்தையல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் மடிக்கணினி வாங்கப் போவது பெரும்பாலும் நானாவோ மாமாவோதான். பாவிக்கப் போகிறவள் வீட்டில் காத்திருப்பாள். நானாமாரின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திரையைச் சரித்துப் பார்த்து நிறம் மாறுகிறதா என்று கவனிக்கும் கண், வரைபவளுக்குத்தான் இருக்கிறது. உடுப்பு எடுக்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பல வருடம் கூடவே இருந்து அவளுக்குத் தொழிலும் கற்றுத்தரப் போகும் பொருளை எடுக்கப் போகும்போதும் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நமது கல்லூரியிடமும் பழைய மாணவியர் சங்கத்திடமும் கேட்பதற்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பரீட்சை முடிந்தபின் ஒருநாளைக் கணினிக் கூடத்தில் இதற்கென்று ஒதுக்கலாம். வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு, ஏற்கெனவே வாங்கிப் பாவிக்கும் ராத்தாமார் வந்து எதைக் கேட்பது, எதைச் சோதிப்பது என்று செய்துகாட்டலாம். சங்கம் வட்டியில்லாத சிறு கடன் நிதி ஒன்றைத் தொடங்கலாம். ஒரு பிள்ளை மாதாமாதம் திருப்பிக் கட்டக் கட்ட அது அடுத்த பிள்ளைக்குப் போகும். முதல் வருடத்தில் ஒரேயொரு மடிக்கணினிக்குத்தான் பணம் சேர்ந்தது என்றாலும் பரவாயில்லை. விலையைக் கேட்டுப் பயந்து விருப்பத்தை மடித்து வைத்த ஒரு பிள்ளையாவது அந்த வருடம் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவாள்.